சுவருக்குள் இருப்பதற்கு யார் சாட்சி?

கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டு பக்கம், 1930-களில் கட்டிய ஒரு வரிசை வீடு. தம்பியும் அவன் மனைவியும் மூன்றாவது தடவையாகப் பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். கதவைத் திறந்ததுமே பெயின்ட் வாசனை. சாம்பல் நிறத் தரை, பளிச்சென்ற வெள்ளைக் கிச்சன், கூரையில் பதித்த பன்னிரண்டு குட்டி விளக்குகள். தம்பி மனைவி அடுப்பு மேடையைத் தடவிப் பார்த்து, "முதல் பால் இங்கேதான் காய்ச்சணும் அக்கா" என்றாள். எட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்து சேர்த்த பணம். அவள் கண்ணில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் மனசு நிறைந்துதான் போனது.

பத்து நாள் கழித்து, விற்பவர் நிரப்பிய படிவம் சொலிசிட்டர் வழியாக வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு விற்பவர் வழக்கமாக நிரப்பித் தரும் படிவம் அது, டி.ஏ.6 என்பார்கள். 2005 ஜனவரி 1-க்குப் பிறகு மின் வேலை ஏதாவது நடந்ததா, நடந்திருந்தால் சான்றிதழ் எங்கே என்று அதில் ஒரு கேள்வி. பாய்லர் எப்போது வைத்தது, 2005 ஏப்ரல் 1-க்குப் பிறகு என்றால் அதன் சான்றிதழ் எங்கே என்று இன்னொரு கேள்வி. மின் வேலை நடந்ததா? ஆம். சான்றிதழ்? பிறகு அனுப்பப்படும். பாய்லர் புதிதா? ஆம், போன வருஷம் வைத்தது. சான்றிதழ்? கைவசம் இல்லை.

அந்தக் கடைசி பதிலில்தான் எனக்கு உறுத்தியது. பழைய வீட்டை ஏலத்தில் எடுத்து, செப்பனிட்டு, சில மாதத்தில் விற்பது இங்கே ஒரு தொழில். அதை நான் குறை சொல்லவில்லை. பாழடைந்து கிடக்கும் வீட்டுக்கு உயிர் கொடுக்கும் தொழில் அது. ஆனால் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறு யாரோ செய்த வேலையின் காகிதம் தொலைந்து போனது என்றால் நம்பலாம். போன வருஷம் தானே கூலி கொடுத்துச் செய்வித்த வேலைக்குக் காகிதம் இல்லையென்றால், அந்த வேலையைச் செய்தது யார் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஏனென்றால், முறையாகச் செய்திருந்தால் அந்தக் காகிதத்தைத் தேடி யாரும் அலைய வேண்டியதே இல்லை. பிரிட்டனில் கூலிக்குக் கேஸ் வேலை செய்கிறவர் 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 2009 ஏப்ரலுக்கு முன்பு அந்த இடத்தில் இருந்தது 'கோர்கி'. பழைய ஆட்கள் இன்னும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். புது பாய்லர் மாட்டினால் 30 நாளுக்குள் பதிவேட்டின் வழியாகக் கவுன்சிலுக்குத் தகவல் போக வேண்டும். வீட்டு முகவரிக்குச் சான்றிதழ் வரும். தொலைந்து போனால் முகவரியைக் கொடுத்து நகல் வாங்கலாம். மின் வேலையும் ஏறக்குறைய அப்படியே. 2013-க்குப் பிறகு இங்கிலாந்தில் கிச்சனில் ஒரு பிளக் பாயின்ட் கூட்டுவதற்கெல்லாம் கவுன்சிலில் பதிவு தேவையில்லை. ஆனால் ஃபியூஸ் பாக்ஸை மாற்றினால், புது சர்க்யூட் இழுத்தால் பதிவு கட்டாயம். என்.ஐ.சி.இ.ஐ.சி., நாபிட் போன்ற அமைப்புகளில் சேர்ந்த எலெக்ட்ரீஷியன் தானே சான்று கொடுத்துப் பதிவும் செய்துவிடுவார். பதிவில்லாத ஆள் வைத்துச் செய்தால் கவுன்சில் ஆய்வாளரைக் கூப்பிட வேண்டும். இதில் ஒன்றுகூட நடக்காத வீட்டில்தான் 'கைவசம் இல்லை' என்ற பதில் வரும்.

சொலிசிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த ஆலோசனை: இன்டெம்னிட்டி இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளலாம், விற்பவரே பணம் கட்டுவார், ஒரே தடவை, பெரிய தொகையும் இல்லை. கூடவே ஓர் எச்சரிக்கை: கவுன்சிலுக்குப் போன் போட்டு விசாரிக்காதீர்கள், விசாரித்தால் இந்த இன்சூரன்ஸ் கிடைக்காமல் போகலாம்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இந்த இன்சூரன்ஸ் எதற்குப் பணம் தரும்? விதிமீறல் என்று கவுன்சில் நடவடிக்கை எடுத்தால், அதனால் வரும் செலவுக்கு. அந்த ஆபத்து முன்னைவிடக் கூடியிருக்கிறது என்பதும் உண்மைதான்: விதிமீறிய வேலையைப் பிரித்துச் சரிசெய்யச் சொல்லிக் கவுன்சில் நோட்டீஸ் விடுவதற்கான காலக்கெடு முன்பு 12 மாதம், 2022-ல் வந்த கட்டடப் பாதுகாப்புச் சட்டம் அதை இங்கிலாந்தில் 10 வருஷமாக நீட்டியிருக்கிறது. ஆனால் கேஸ் கசிந்தால் இந்தக் காகிதம் தடுக்குமா? எர்த் இல்லாத வயரை மாற்றித் தருமா? கடன் கொடுக்கிற வங்கியின் பணத்துக்கு அது காவல். தொட்டிலில் தூங்கும் பிள்ளைக்கு அல்ல. இதைத் தம்பியிடம் சொன்னபோது, "எல்லாரும் அதைத்தானே எடுக்கறாங்க அக்கா" என்றான். ஆமாம், எடுக்கிறார்கள். என்னை உறுத்துவதே அதுதான்.

2004 ஜூலையில் தென்மேற்கு லண்டனில் ஒரு வீட்டுக் கிச்சனில் 34 வயதுப் பெண் ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். அப்போது ரிச்மண்ட் பார்க் எம்.பி.யாக இருந்த ஜென்னி டாங்கின் மகள் அவர். சுவருக்குள் போகும் வயர் சுவிட்சிலிருந்தும் பிளக்கிலிருந்தும் நேர் மேலாகவோ நேர் கீழாகவோ நேர் பக்கவாட்டிலோதான் போக வேண்டும். அப்போதுதான் பிறகு ஆணி அடிக்கிறவருக்கு எங்கே அடிக்கக் கூடாது என்று தெரியும். அந்தக் கிச்சனில் யாரோ வயரைக் குறுக்காக, சாய்வாக இழுத்துப் பூசி மூடியிருந்தார்கள். கரண்டி மாட்டும் இரும்புத் தட்டியின் திருகு அந்த வயரில் இறங்கியிருந்தது. கரண்டி மாட்டும் தட்டி! நம் வீட்டுக் கிச்சன்களில் அது இல்லாத சுவர் உண்டா? வீட்டு மின் வேலைகளைக் கட்டட விதிகளுக்குள் கொண்டுவந்த 'பார்ட் பி' அதற்கு முன்பிருந்தே தயாராகிக்கொண்டிருந்தது. அமலுக்கு வந்தது 2005 ஜனவரி 1-ல். டி.ஏ.6 படிவம் கேட்கும் தேதி அதுதான்.

வாங்கும் முன் மின்சாரத்தையும் கேஸையும் சோதித்தே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வீட்டு சர்வேயர் பார்த்துவிட்டாரே என்று ஏஜென்ட் சொன்னார். சர்வேயர் கண்ணால் பார்த்துச் சொல்கிறவர். மின்சாரத்தையும் கேஸையும் சோதிப்பது அவர் வேலையல்ல என்று அவருடைய அறிக்கையிலேயே எழுதியிருந்தது. கடைசியில் விற்பவர் சம்மதத்தோடு, எங்கள் செலவில், ஒரு சனிக்கிழமை காலை எலெக்ட்ரீஷியனும் கேஸ் சேஃப் இன்ஜினியரும் வந்தார்கள்.

ஃபியூஸ் பாக்ஸ் புதிது. 2016 முதல் இங்கே வீடுகளில் தீப்பிடிக்காத உறைதான் வைக்க வேண்டும் என்ற விதிப்படி இரும்புப் பெட்டி. பார்க்க எல்லாம் ஒழுங்கு. எலெக்ட்ரீஷியன் அதைத் திறக்கும் முன் முதலில் கேஸ் மீட்டர் இருந்த இடத்துக்குப் போய்க் குனிந்து டார்ச் அடித்தார். மீட்டரிலிருந்து வீட்டுக்குள் போகும் குழாயில் ஒரு பட்டை பூட்டி, அதிலிருந்து பச்சையும் மஞ்சளுமான தடித்த எர்த் வயர் ஃபியூஸ் பாக்ஸ் வரை போக வேண்டும். பட்டையில் 'அகற்றாதே' என்று ஒரு சின்ன வில்லை தொங்கும். அங்கே பட்டையும் இல்லை, வயரும் இல்லை. எங்காவது கோளாறு வந்தால் அந்தக் குழாயிலேயே மின்சாரம் நிற்கலாம் என்றார். பிறகு கிச்சனில் ஒரு குட்டி விளக்கைக் கூரையிலிருந்து மெல்ல இழுத்தார். பின்னாலேயே வந்தது ரப்பர் உறை போட்ட பழைய வயர். அவர் விரலால் தொட்டதும் உறை காய்ந்த மிளகாய் மாதிரி நொறுங்கிக் கீழே விழுந்தது. புது விளக்கைப் பழைய வயரோடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். அறிக்கையில் 'சி1' என்றால் இப்போதே ஆபத்து, 'சி2' என்றால் ஆபத்து வரக்கூடியது, 'சி3' என்றால் மேம்படுத்தினால் நல்லது. கிச்சனில் ஒரு சி1, வீடு முழுக்க ஐந்து சி2.

கேஸ் இன்ஜினியர் தன் அடையாள அட்டையை நீட்டி, அதன் பின்புறத்தையும் பார்க்கச் சொன்னார். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் இருக்கும். வீட்டுக்கு வரும் எந்த கேஸ் ஆளிடமும் தயங்காமல் கேட்டுப் பாருங்கள். பாய்லரோடு வந்த புத்தகத்தை அவர் கடைசிப் பக்கத்தில் பிரித்தார். 'பெஞ்ச்மார்க்' என்ற பட்டியல். மாட்டியவர் கேஸ் அழுத்தம் எவ்வளவு, புகையின் அளவு எவ்வளவு என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய பக்கம். ஒரு எழுத்துக்கூட இல்லாமல் வெள்ளையாக இருந்தது. புகைக்குழாயை ஜிப்சம் பலகை வைத்து முழுதாக மூடியிருந்தார்கள். மூட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு திறப்பு விடவில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரமும் இல்லை. 2022 அக்டோபர் முதல் பாய்லர் மாட்டும்போதே அதையும் வைக்க வேண்டும் என்பது இங்கிலாந்து விதி.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனை இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், சோர்வு. குளிர்காலத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிற காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவோம். வெளியே போனால் சரியாகி, வீட்டுக்குள் வந்ததும் திரும்பினால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். பிறகு 0800 111 999 என்ற அவசர எண்ணைக் கூப்பிடுங்கள்.

எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இதே வீட்டைத் தம்பி வாடகைக்கு எடுத்திருந்தால், வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேஸ் சோதனைச் சான்றிதழ் தந்தாக வேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது மின் சோதனை அறிக்கையும் தர வேண்டும். இங்கிலாந்தில் 2021 ஏப்ரலிலிருந்து ஏற்கெனவே குடியிருப்பவர்களுக்கும் அது பொருந்தும். வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வாங்குகிறவருக்கு அந்தக் காவல் இல்லை. வாங்குகிறவர் பார்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே இங்குள்ள வழக்கம். வாடகைக்காரருக்குக் கிடைக்கும் அந்த இரண்டு காகிதங்களையும் விற்பனையிலும் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நமக்கிருக்கிற ஒரே பலம், ஒப்பந்தம் பரிமாறுவதற்கு முந்தைய நாட்கள். பரிமாறும் முன் விலகினால் சர்வேக்கும் சொலிசிட்டருக்கும் கொடுத்த பணம்தான் போகும். பரிமாறிய பிறகு விலகினால் பொதுவாக 10 சதவீத முன்பணம் போய்விடும். சோதனை, பேரம் எல்லாம் அதற்கு முன்பே. விற்பவரையே கவுன்சிலில் விண்ணப்பித்து, பிந்தைய ஒப்புதல் சான்று வாங்கித் தரச் சொல்லலாம். சான்று வரும்வரை விலையில் ஒரு பகுதியைச் சொலிசிட்டரிடம் நிறுத்தி வைக்கலாம். ஆகும் செலவை விலையில் குறைக்கலாம்; ஆனால் குறைத்து வாங்கிய பணத்தைப் புதுச் சோபாவில் போடாமல் வயரிங்கில்தான் போட வேண்டும்.

எங்களுக்கு இது எதுவும் பலிக்கவில்லை. வேலையைச் செய்து தர மாட்டேன், விலையும் குறையாது, இன்னொருவர் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது. தம்பி இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் அவன் மனைவிதான் போன் செய்து, "வேண்டாம்னு சொல்லிட்டோம் அக்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது.

அன்று சாயங்காலம் இரண்டு அறிக்கைகளையும் தம்பி ஏஜென்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பினான். வீட்டில் உள்ள முக்கியமான குறை தெரிந்தும் அடுத்து வாங்க வருகிறவரிடம் ஏஜென்ட் மறைக்கக் கூடாது என்பது சட்டம்; எழுத்தில் அனுப்பிவிட்டால் தெரியாது என்று சொல்ல முடியாது. நான்கு வாரம் கழித்து அந்தத் தெரு வழியாக வந்தேன். வாசலில் 'விற்கப்பட்டது' பலகை நின்றிருந்தது. கிச்சனில் பன்னிரண்டு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.