ஓடுவதும் ஒதுங்குவதும்

திருநெல்வேலிச் சீமையில் பல ஆண்டுகளாகப் பொதுக்காரியத்தில் உழைத்துவரும் நண்பர் ஒருவர் நமக்குண்டு. மனு எழுதுவதா, கூட்டம் கூட்டுவதா, தெருத் தகராறைத் தீர்த்து வைப்பதா, எதற்கும் ஊரார் அவரையே தேடுவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் மட்டும் அவரைத் தேடிப் பயனில்லை. தூண்டிலும் கையுமாகத் தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்திருப்பார். கைப்பேசி வீட்டில் கிடக்கும். சென்ற மாதம் காரியக் கமிட்டியில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஊர் பற்றியெரியும்போது மீன் பிடிக்கப் போவது கடமையினின்று ஓடுவதல்லவா?" என்று கேட்டுவிட்டார். நண்பர் பதில் சொல்லவில்லை. சபையிலிருந்த பலர் தலையசைத்தனராம். இளைஞர் கேட்டதில் நமக்கு வருத்தமில்லை. மற்றவர் தலையசைத்ததில்தான் வருத்தம்.

ஆங்கிலத்தில் 'எஸ்கேபிஸம்' என்றொரு சொல் வழங்குகிறது. உலக விவகாரங்களின் தொல்லை தாங்காது மனம் வேறோர் இடத்தில் போய்ப் புகுந்துகொள்வதற்கு அப்பெயர். பெரும்பாலும் அதை வசைச் சொல்லாகவே வழங்குகிறார்கள். நம் முன்னோர் வழங்கிய 'சிரமபரிகாரம்' என்ற சொல்லிலோ வசை சிறிதும் இல்லை. வழிப்போக்கன் சுமைதாங்கிக் கல்லின்மேல் மூட்டையை இறக்கி வைத்து மூச்சு வாங்குவதைக் கண்டு, 'இவன் சுமையைப் போட்டுவிட்டு ஓடுகிறான்' என்று யாரும் சொன்னதில்லை. வழி நெடுகக் கல் நாட்டியவர்களைத் தருமவான்கள் என்றே சொன்னார்கள்.

தேச ஊழியத்தில் தம்மை முற்றும் ஒப்புவித்தவர்களுக்கு இத்தகைய ஒதுங்கல் வேண்டியிருந்ததா என்று கேட்போர், அவர்கள் சிறையில் பொழுது போக்கிய விதத்தைப் பார்க்கட்டும். பண்டித ஜவஹர்லால் நேரு தம் வாழ்நாளில் ஏறக்குறைய 9 ஆண்டுகளைச் சிறையில் கழித்தவர். தேராதூன் சிறையில் பதினான்கு மாதங்களுக்கு மேல் ஒரே அறையில் இருந்தார். அந்த அறையில் குளவிகள் கூடு கட்டியிருந்தன. அவற்றுள் ஒன்று அவரைக் கொட்டவே, அவர் கோபங்கொண்டு அவற்றை அழிக்க முற்பட்டார். அவையோ தங்கள் கூட்டைக் காக்கத் தீரத்துடன் எதிர்த்துப் போராடின. அதைக் கண்டு அவர் கையை நிறுத்திக்கொண்டார். அதன் பின் ஓராண்டுக்கு மேலாக இரு தரப்பாரும் ஒரே அறையில், ஒருவரையொருவர் மதித்து, சண்டையின்றி வாழ்ந்தனராம்! லட்சுமணபுரிச் சிறையில் அசையாது அமர்ந்து படித்துக்கொண்டிருப்பாராம். அணிற்பிள்ளை காலில் ஏறி முழங்கால்மேல் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்குமாம். சுயசரிதையில் சிறைப் பிராணிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார். வெளியே நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த காலம் அது. குளவியையும் அணிலையும் கவனித்த நேரம் தேசத்துக்கு நஷ்டமான நேரம் என்று சொல்ல யாருக்காவது நா எழுமா? அந்தச் சுயசரிதையும், சிறையின் நீண்ட தனிமையில் மனத்துக்கு ஒரு திட்டமான வேலை வேண்டும் என்ற நோக்கத்துடன் தொடங்கியதேயென்று அதன் முன்னுரையில் அவரே கூறுகிறார். 1934 ஜூனில் தொடங்கி 1935 பிப்ரவரியில் முடித்தார்.

செக்கிழுத்த செம்மல் சிதம்பரம் பிள்ளையின் கஷ்டம் இதனினும் கொடியது. 1908ல் சிறை புகுந்து 1912 டிசம்பரில் வெளிவந்தவர். உடலை மாட்டின் இடத்தில் பூட்டிய சர்க்காரால் மனத்தைப் பூட்ட முடியவில்லை. ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதிய சிறு நூலை அவர் சிறையிலிருந்தபடியே 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். செக்கை நினைந்து நினைந்து நொந்திருந்தால் சர்க்காரின் எண்ணமே பலித்திருக்கும்.

நம் தேச விடுதலைக்குக் கடைசி வரையில் குறுக்கே நின்ற சர்ச்சில் துரையையும் இவ்விடத்தில் சாட்சிக்கு அழைக்க வேண்டியிருக்கிறது. எதிரி சொன்னாலும் மெய் மெய்தானே! 1915ல் தார்தனெல்ஸ் படையெடுப்பின் தோல்வியால் கடற்படை மந்திரிப் பதவியை இழந்து மனமுடைந்திருந்தபோது, நாற்பது வயதில், அவர் முதன்முதலாக ஓவியத் தூரிகையைக் கையிலெடுத்தார். விசாரத்தால் களைத்த மனம் சும்மா படுத்திருப்பதால் தேறாது, அதன் வேறொரு பகுதிக்கு வேலை கொடுத்தால்தான் களைத்த பகுதி ஓயும் என்பது அவர் அனுபவத்தில் கண்டு எழுதிய முடிவு. இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. கவலையுள்ளவனைக் கட்டிலில் படுக்க வைத்தால் கவலையும் கூடவே படுத்துக்கொள்கிறது. தக்கை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கவலைப்பட இடமில்லை.

திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி. கே. சி.யின் வீட்டில் கூடிய வட்டத்தொட்டிக்கு வந்தவர்கள் யார்? வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் உண்டு. பகலெல்லாம் சொத்து வழக்கும் சாட்சி விசாரணையுமாக உழன்றவர்கள் மாலையில் கம்பன் பாட்டொன்றை எடுத்து வைத்துக்கொண்டு உலகை மறந்தார்கள். மறுநாள் கச்சேரிக்குப் போகாமலும் இருக்கவில்லை.

ஓய்வு என்ற பெயரால் உண்மையாகவே ஓடிப்போகிறவர்களும் உண்டு. பத்து வருஷமாகச் சங்கீத சபைக்குத் தவறாது வந்து, ஊர்க் கூட்டத்துக்கு ஒரு நாளும் வராத பிரமுகர்களை நாம் அறிவோம். மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூலிக்காரன் கவலையை மறக்கக் கள்ளுக்கடைக்குப் போனான். திரும்பும்போது கவலை அப்படியே இருந்தது, கூலிதான் இல்லை. 1937 அக்டோபர் 1ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியது. மூடியது நல்ல காரியமே. ஆனால் குடித்தவனுக்கும் களைப்பு உண்டு, அவனுக்கும் ஒரு மாலை நேரம் உண்டு என்பதை மதுவிலக்குப் பேசிய நம்மவர்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்தோம்? ஒரு கதவைச் சாத்துகிறவன் இன்னொன்றைத் திறந்து வைக்க வேண்டாமா? வாசகசாலையும் பஜனை மடமும் விளையாட்டுத் திடலும் இல்லாத ஊரில் வெறும் உபதேசம் எத்தனை நாள் நிற்கும்?

இக்காலத்தில் கைப்பேசியே பலருக்குச் சிரமபரிகாரமாயிருக்கிறது. அதன்மீது நமக்குத் துவேஷமில்லை. ஆனால் எந்தச் செய்தியை மறக்க அதைக் கையிலெடுக்கிறோமோ அதே செய்தி அதில்தான் வந்து நிற்கிறது. மேலதிகாரியின் குரலும் அதில்தான் வருகிறது. சுமையை இறக்காமல் சுமைதாங்கிக் கல்லின் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பது போன்ற காரியம் இது. நம் நண்பர் அதை வீட்டில் வைத்துவிட்டுப் போவதன் காரணம் அந்தக் கமிட்டியாருக்கு இப்பொழுதாவது விளங்கும் என நம்புகிறோம்.

அவரை நாம் சென்ற வாரம் கண்டோம். கமிட்டியில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. குடிநீர்க் குழாய் விஷயமாகத் திங்கட்கிழமை காலை கலெக்டர் கச்சேரிக்குப் போக வேண்டும், கூட வருகிறீர்களா என்று கேட்டார். ஞாயிறு மாலையே வந்து தங்கிவிடட்டுமா என்றோம். "வாருங்கள், ஆனால் பொழுது சாய்ந்த பிறகு வாருங்கள்" என்றார்.