இவ்வளவு கனம், எங்கே போகும்?

2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் தத்தளித்தபோது, கொல்லம், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் விரைந்தார்கள். அரசுக் கணக்குப்படி மீட்புக்கு வந்த படகுகள் 669. காப்பாற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர். 2015 சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் தென்மாவட்டங்கள் மூழ்கியபோதும் படகுகள் இப்படித்தான் சாலை வழியே ஊருக்குள் வந்தன. தண்ணீரில் அவை செய்த வேலையை எல்லோரும் பாராட்டினோம். அதற்கு முன் தார்ச்சாலையில் அவை கடந்து வந்த தூரமும் ஆபத்து நிறைந்ததுதான்.

லோடு ஏற்றும் இடங்களில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம்: “இவ்வளவு கனம், தானா எங்கே போகும்?” போகும். கனம் கூடக்கூட, வண்டி நின்ற பிறகும் ஓடிக்கொண்டே இருக்கத் துடிக்கும் உந்தமும் கூடும்.

ஒரு டன் எடையுள்ள ஃபைபர் படகை எடுத்துக்கொள்வோம். திடீர் பிரேக்கில் சரக்கு தன் எடையில் 0.8 பங்கு விசையோடு முன்னே பாயும், வளைவில் 0.5 பங்கு விசையோடு பக்கவாட்டில் சாயும் என்று வைத்துத்தான் ஐரோப்பிய, அமெரிக்க விதிகள் கட்டைக் கணக்கிடச் சொல்கின்றன. அதாவது நம் படகை முன்னே தள்ளுவது 800 கிலோ விசை. ஈரப் பலகைமேல் வழவழப்பான ஃபைபர் அடிப்பகுதி தரும் உராய்வு, 0.3 என்று வைத்தால், 300 கிலோதான். மீதி 500 கிலோவைக் கயிறுதான் தாங்க வேண்டும். வேகத்தடையில் வண்டி தூக்கிப்போடும் நொடியில் அந்த 300-ம் கரைந்துபோகும். படகு தளத்தை அழுத்தாதபோது உராய்வு எங்கிருந்து வரும்?

படகின் மேலாகப் போட்டு இறுக்கும் பட்டையின் வேலை, படகைக் கீழே அழுத்தி உராய்வைக் கூட்டுவது. 300 கிலோ இழுவிசையில் செங்குத்தாக இறங்கும் பட்டை, இரு பக்கமும் சேர்ந்து 600 கிலோ அழுத்தம் தரும்; உராய்வு 180 கிலோ கூடும். மூன்று பட்டைகள் போட்டால் கணக்கு நேராகிறது. அதே பட்டை 30 பாகைச் சரிவில் படுத்துக் கிடந்தால் பலன் பாதி; ஆறு பட்டைகள் வேண்டும். கயிற்றின் தடிமனைப் பார்க்கிற நாம் சாய்வைப் பார்ப்பதில்லை. என் பார்வையில் தவறுகளில் பெரியது இதுதான்.

படகுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் விரிப்புப் போட்டால் உராய்வு 0.6 வரை உயரும். காற்றடைத்த டியூப் வேண்டாம். அது படகைத் துள்ளவைக்கும். படகின் முன்முனையான அணியத்தில் இருந்து முன்னோக்கிக் கட்டும் கயிறு படகு பின்னால் வழுக்காமல் காக்கும், அவ்வளவே. முன்னே பாய்வதைத் தடுக்க, பின்புறத்தில் இருந்து பின்னோக்கி இழுத்துக் கட்டிய கயிறோ, அணியத்துக்கு முன்னால் உறுதியான முட்டுக்கட்டையோ வேண்டும். டிரெய்லரில் ஏற்றுபவர்கள் வின்ச் பட்டையை மட்டும் நம்பிக் கிளம்புகிறார்கள். அது படகை மேலே இழுக்க உதவும் கருவி. சாலையில் தனிச் சங்கிலியும் பின்புறப் பட்டைகளும் அவசியம்.

கயிற்றிலும் வேறுபாடு உண்டு. நைலான் நன்றாக நீளும். நனைந்தால் வலுவும் குறையும். பாலியெஸ்டர் அவ்வளவு நீளாது, அதனால் கட்டுவதற்கு அதுவே மேல். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிறு தன் வலுவில் ஏறக்குறையப் பாதியை இழக்கலாம். தட்டையான பட்டை காற்றில் படபடவென்று அதிர்ந்து தேயும். கட்டும்போது ஒரு முறுக்கு விட்டால் அதிர்வு அடங்கிவிடும்.

படகுக்குள் தேங்கிய மழைநீரை மறக்கக் கூடாது. 200 லிட்டர் என்றால் 200 கிலோ. பிரேக் போட்டதும் மொத்தமும் அணியத்துக்கு ஓடும். கிளம்பும் முன் வடித்துவிடுங்கள்.

ஓட்டுநர்களே, முதல் பத்து கிலோமீட்டரில் வண்டியை ஓரம் கட்டி, ஒவ்வொரு பட்டையையும் கையால் இழுத்துப் பாருங்கள். குலுங்கலில் படகு அமர்ந்திருக்கும், கட்டு தளர்ந்திருக்கும்.