ஈத் தொல்லை தாங்க முடியலையா? கிராம்பு, புதினா, புல் தைலம்... எது எவ்வளவு உதவும்?

மாம்பழ சீசன் வந்தாலே வீட்டுக்குள் ஈக்களும் கூடவே வந்துவிடும். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் பூச்சிக்கொல்லி ஸ்பிரே அடிக்கவும் பயம். அதனால்தான் பலரும் சமையலறைப் பொருட்களை நாடுகிறார்கள். இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

ஈ உட்கார்ந்தால் என்ன ஆகும்?

ஈயால் கடித்துச் சாப்பிட முடியாது. உணவின் மீது எச்சிலைக் கக்கி, கரைத்து, உறிஞ்சும். சற்று முன் குப்பையிலோ மலத்திலோ உட்கார்ந்த ஈ என்றால், அதன் கால்களிலும் வயிற்றிலும் உள்ள கிருமிகள் நம் சோற்றுக்கு வந்துவிடும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா பரவ இதுவும் ஒரு வழி.

வாசனைக்கு ஏன் ஓடுகிறது?

ஈ பெரும்பாலும் வாசனையை வைத்துத்தான் உணவைத் தேடுகிறது. கிராம்பு, துளசியில் உள்ள யூஜெனால், புல் தைலம் எனப்படும் லெமன்கிராஸ் எண்ணெயில் உள்ள சிட்ரால் போன்றவற்றின் கடும் வாசனை ஈக்களுக்கு ஆகாது. ஆனால் இவை சீக்கிரம் காற்றில் கலந்துவிடும். வாசனை போனதும் ஈ திரும்ப வந்துவிடும். அதாவது, இவை ஈயை விரட்டும், ஒழிக்காது.

எப்படிப் பயன்படுத்தலாம்?

* எலுமிச்சையைப் பாதியாக வெட்டி, 10 கிராம்பு குத்தி சாப்பாட்டு மேஜையில் வைக்கலாம். காய்ந்ததும் மாற்றணும்.
* ஒரு டம்ளர் தண்ணீரில் 10 சொட்டு புல் தைலம், 2 சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் சேர்த்து, நன்றாகக் குலுக்கி ஜன்னல் ஓரம், குப்பைக்கூடையைச் சுற்றி அடிக்கலாம். உணவின் மீது படக்கூடாது.
* துளசி, புதினா தொட்டியை வைத்தால் மட்டும் போதாது. இலையைக் கசக்கினால்தான் வாசனை நன்றாக வெளியே வரும்.

இயற்கைதானே என்று அலட்சியம் வேண்டாம்

கற்பூரத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரலாம். நீலகிரி தைலத்தைக் குடித்தாலும் ஆபத்துதான். இரண்டையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் சாம்பிராணிப் புகையும் வேண்டாம்.

முக்கியமான வேலை எது?

ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு 100 முட்டை வரை, சில சமயம் அதற்கு மேலும் இடும். நம்ம ஊர் வெயிலில் முட்டை ஒரே நாளில் பொரிந்து, 7 முதல் 10 நாளில் புது ஈ பறக்கும். அது வளரும் இடம் ஈரமான குப்பை, சாணம், அழுகிய பழம்.

எனவே மாம்பழத் தோல், காய்கறிக் கழிவை தினமும் வெளியேற்றுங்கள். குப்பைக்கூடையின் அடியில் தேங்கும் தண்ணீரைக் கழுவுங்கள். உணவை மூடி வையுங்கள். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். இதைச் செய்தபிறகு கிராம்பும் புல் தைலமும் கைகொடுக்கும். குப்பையை அப்படியே விட்டுவிட்டு எந்த எண்ணெயைத் தெளித்தாலும், அடுத்த வாரமே புது ஈக்கள் வந்து நிற்கும்.