பீரங்கிக் குண்டு விழுந்த ஊரும் ஒரு கால்ஃப் சீசனும்: இதெல்லாம் தெரியுமா?

உருண்டையை எட்டாத தூரத்துக்கு அனுப்பி, அது விழுந்த இடத்தை வைத்துக் கணக்குத் தீர்ப்பதை எங்கள் கடலூர்க்காரர்கள் 1690-லேயே பார்த்துவிட்டார்கள், தெரியுமா? மஞ்சக்குப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது பேசிக்கொண்ட பேரம் இதுதான்: கோட்டையிலிருந்து பீரங்கியால் சுடுவோம், குண்டு எட்டிய இடம் வரைக்கும் நிலம் எங்களுடையது! அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலைகு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஆசாமி. குண்டு எட்டிய ஊர்களுக்கு ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கால்ஃபில் இரும்புக் குண்டு இல்லை. 45.93 கிராமுக்கு மிகாத ஒரு வெள்ளைப் பந்து. அடித்தால் நிலம் கிடைக்காது, ஆனால் ஜெயித்தால் லட்சம், கோடி என்று பணம் கிடைக்கும். அந்தப் பந்தின் மேல் முந்நூறு, நானூறு சின்னக் குழிகள் இருக்கின்றனவே, அவை அழகுக்கு என்றா நினைத்தீர்கள்? குழியில்லாத வழவழப்பான பந்தை அதே வேகத்தில் அடித்துப் பாருங்கள், பாதி தூரத்தில் பொத்தென்று விழும்! அந்தக் காலத்தில் மலேயாக் காட்டு மரப் பாலில் செய்த பந்துகள் அடிபட்டுச் சொட்டை விழுந்த பிறகுதான் நேராகப் பறந்தன. அதைப் பார்த்தவர்கள் புதுப் பந்திலேயே சொட்டை வைத்து விற்க ஆரம்பித்தார்கள்.

சரி, சீசனுக்கு வருவோம். ஆண்களுக்கான தொழில்முறை கால்ஃப் தொடர் ஒன்று நம் நாட்டில் 2006 முதல் ஊர் ஊராக நடந்துகொண்டிருக்கிறது. பெயர் பி.ஜி.டி.ஐ. அதற்கு 2024-ல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் தெரியுமா? கபில்தேவ்! 1983-ல் லார்ட்ஸ் மாடத்தில் உலகக் கோப்பையைத் தூக்கிய அதே கைதான். கிரிக்கெட்டை விட்டபின் அவர் பிடித்த மட்டை கால்ஃப் மட்டை. இதற்குப் போட்டியாக 2025-ல் ஐ.ஜி.பி.எல். என்று இன்னொரு தொடர் முளைத்தது. அதன் முகமாக நிற்பவர் 2011 உலகக் கோப்பை நாயகன் யுவராஜ் சிங்! கிரிக்கெட் உலகக் கோப்பை வென்ற இருவர் கால்ஃபில் எதிரெதிர் முகாமில் நிற்கும் வேடிக்கையை வேறெங்கே பார்க்க முடியும்?

பி.ஜி.டி.ஐ. போட்டிகளில் பல ஞாயிற்றுக்கிழமை முடிவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். சனி, ஞாயிறு மைதானம் கிளப் உறுப்பினர்களுக்கு வேண்டும். வீட்டுக்காரர் வருவதற்குள் காலி செய்துகொடுக்க வேண்டியவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள்தான்!

நாலு நாள், நாளுக்கு 18 குழி, மொத்தம் 72. ஆனால் எல்லோரும் நாலு நாளும் ஆட முடியாது. இரண்டாம் நாள் சாயங்காலம் ‘கட்’ விழும். முதல் 50 இடங்களும், ஐம்பதாவது ஆளோடு சமமாக நிற்பவர்களும் தேறுவார்கள். மற்றவர்களுக்குப் பரிசு? ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ரயில் டிக்கெட், லாட்ஜ் வாடகை, பை தூக்கியவருக்குக் கூலி, எல்லாம் கைப்பணம். மொத்தப் பரிசு 1 கோடி ரூபாய் என்று தலைப்புப் போடுகிறார்களே, அதில் ஜெயித்தவர் கைக்கு வருவது 15 லட்சம். பணக்காரர் விளையாட்டு என்று நாம் ஒதுக்கும் இந்த ஆட்டத்தில் கடன் வாங்கி ஆடுபவர்களும் உண்டு என்பதை யாரும் எழுதுவதில்லை.

சீசன் முழுக்க யார் அதிகம் சம்பாதித்தார்கள் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கும். டிசம்பரில் ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஸ்டீல் போட்டியோடு அது முடியும். அந்த ஒரே போட்டிக்கு இரண்டு மைதானங்கள், பெல்டி ஒன்று, கோல்முரி ஒன்று! பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கு அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் டி.பி. வேர்ல்டு டூரில் ஆட அனுமதி. 2022-ல் மனு கண்டாஸ், 2023-ல் ஓம் பிரகாஷ் சௌஹான், 2024-ல் வீர் அலாவத் அப்படிப் போனவர்கள். வீர் அலாவத்தின் ஒரு சீசன் வருமானம் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது.

இப்போது கேளுங்கள், இந்த ஆட்டத்தின் உண்மையான அதிசயம் பை தூக்கியவர்களின் கதை! பை தூக்குபவருக்கு ‘கேடி’ என்று பெயர். அவர் வேலையைக் கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் புரியும். தோளில் கனத்த பை, அதில் அதிகபட்சம் 14 மட்டைகள். கையில் ஒரு துண்டு, ஒரு பாதி நனைத்தது, ஒரு பாதி உலர்ந்தது. ஈரப்பாதியால் பந்தின் மண்ணைத் துடைத்து, உலர்ந்த பாதியால் ஒற்றி, ஆட்டக்காரர் கையில் வைக்க வேண்டும். மட்டை பெயர்த்த புல் கட்டியை எடுத்துவந்து அதே பள்ளத்தில் பொருத்தி மிதிக்க வேண்டும். கொடிக்கம்பத்தைப் பிடித்திருக்கும்போது தன் நிழல் பந்து ஓடும் வழியில் விழாமல் நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது, கேட்டால் மட்டும் தூரம் சொல்ல வேண்டும். இப்படி வருடக்கணக்கில் அடுத்தவர் ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர் டெல்லி கால்ஃப் கிளப் கேடி அலி ஷேர். 1964-ல் தொடங்கிய இந்தியன் ஓப்பனை 1991 வரை எந்த இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரும் ஜெயித்ததில்லை. ஜெயித்துக் காட்டினார் அலி ஷேர்! 2009-ல் அதே கோப்பையைத் தூக்கிய பெங்களூர் முனியப்பாவும் கேடியாக இருந்தவர். 2016, 2017 என்று அடுத்தடுத்து இரண்டு முறை தூக்கிய எஸ்.எஸ்.பி. சௌராசியாவின் அப்பா, ராயல் கல்கத்தா கால்ஃப் கிளப்பில் புல் பராமரித்தவர். 1829-ல் தொடங்கிய அந்தக் கிளப்தான் பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உலகிலேயே மூத்தது. 2013-ல் அதே இந்தியன் ஓப்பனை ஜெயித்த வங்கதேசத்தின் சித்திகுர் ரஹ்மானோ டாக்காவில் பந்து பொறுக்கிய பையன்!

இன்னும் ஒருவர் இருக்கிறார், மறந்தே போனோம். 1860 முதல் தென்னாற்காட்டிலிருந்தும் வடஆற்காட்டிலிருந்தும் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் பிள்ளைகள் வாழும் ஊர் தென்னாப்பிரிக்காவின் டர்பன். அந்த ஊர் இந்தியர் ‘பப்வா’ செவ்கோலம். (தமிழரில்லை, என்றாலும் நம்மவர்களோடு ஒரே தெருவில் ஒதுக்கப்பட்டவர்.) வலக்கைக்காரர்கள் மட்டையைப் பிடித்தால் இடக்கை மேலே, வலக்கை கீழே இருக்கும். பப்வா பிடித்தது தலைகீழ்: வலக்கை மேலே, இடக்கை கீழே. யாரும் சொல்லிக்கொடுக்காத கேடிப் பையன், தானாகப் பிடித்த பிடி! அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என்று மூன்று முறை டச்சு ஓப்பனை ஜெயித்தார். 1963-ல் சொந்த ஊரில் நேட்டால் ஓப்பனையும் ஜெயித்தார். வெள்ளையர் கிளப் கட்டடத்துக்குள் இந்தியர் நுழையக் கூடாது என்பது அன்றைய நிறவெறிச் சட்டம். மழை கொட்டுகிறது; தோற்றவர்கள் உள்ளே கூரைக்கடியில் இருக்க, ஜெயித்தவர் வெளியே நனைந்துகொண்டே கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகம் முழுக்கப் போய் அந்த நாட்டின் மானத்தை வாங்கியது. இரண்டே வருடத்தில் அதே போட்டியில் உலகப் புகழ்பெற்ற கேரி பிளேயரையே தோற்கடித்தார் பப்வா!

திங்கள்கிழமை ஊருக்குத் திரும்ப வேண்டியவர் ஞாயிற்றுக்கிழமை கோப்பை தூக்கிய கதை? 2010-ல் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. டூரில் அர்ஜுன் அட்வாலுக்கு ஆடும் உரிமையே பறிபோயிருந்தது. விண்டம் சாம்பியன்ஷிப்புக்குத் திங்கள்கிழமை நடக்கும் தகுதிச் சுற்று, கடைசி நேரத் தட்கல் டிக்கெட் மாதிரி. அதில் தேறி உள்ளே வந்தார். நாலாம் நாள் கடைசிக் குழியில் சுமார் ஏழடி தூரத்தில் பந்து. போட்டார், விழுந்தது! பி.ஜி.ஏ. டூரில் ஜெயித்த முதல் இந்தியர். திங்கள் தகுதிச் சுற்றிலிருந்து வந்து பட்டம் வாங்கியவர் அதற்கு முன் 24 வருடங்களாக எவருமில்லை.

மைதானங்களும் சளைத்தவை அல்ல. டெல்லி கால்ஃப் கிளப்பில் முகலாயர் காலக் கல்லறை மாடங்களுக்கும் மயில்களுக்கும் நடுவே ஆட்டம். வழி அவ்வளவு குறுகல். 2025 அக்டோபரில் 40 லட்சம் டாலர் பரிசுப் போட்டிக்கு அங்கே வந்த ரோரி மெக்கில்ராய், உலகத்தையே வாய்பிளக்க வைக்கும் தன் டிரைவர் என்ற நெடுந்தூர மட்டையைப் பைக்குள்ளேயே வைக்கவில்லை! ஜெயித்தது டாமி ஃபிளீட்வுட். கொழும்பு ராயல் கிளப்பில் மைதானத்தை வெட்டிக்கொண்டு களனிவெளி ரயில் ஓடுகிறது. ரயில் போகும்வரை ஆட்டக்காரர் நின்றாக வேண்டும். கொடைக்கானலிலோ காட்டெருமைக்கு வழிவிட வேண்டும்.

நம் தமிழ்ப் பெயர்கள் இந்த ஆட்டத்தில் இல்லையா என்றால், இருக்கின்றன. பி.ஜி.டி.ஐ. பட்டியலில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் இலங்கையின் என். தங்கராஜா, இங்கே வந்து பட்டமும் வென்றவர். மலேசியாவில் மாரிமுத்து ராமையாவும் பெரியசாமி குணசேகரனும் ஆசிய அளவில் ஆடியவர்கள்; ராமையா உலகக் கோப்பை கால்ஃபில் மலேசியாவுக்காக இறங்கியவர். ஆனால் கொழும்பும் கோலாலம்பூரும் தந்த அளவுக்குத் தமிழ்நாடு தரவில்லை. பெங்களூரில் பை தூக்கியவர் கையில் மட்டை கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. அதுதான் என் முடிவு. மஞ்சக்குப்பம் மைதானத்தில் சாயங்காலம் ரப்பர் பந்தைக் கண்ணுக்கெட்டாத தூரம் விளாசும் பையன்களைப் பார்த்தவர்கள், கைவேகம் குறைவு என்று சொல்லமாட்டார்கள்.

சென்னை நந்தனத்தில் காஸ்மோ மைதானம் இருக்கிறது, பி.ஜி.டி.ஐ. ஆட்டங்கள் நடந்த இடம்தான். அடுத்த முறை அங்கே போட்டி வரும்போது விசாரித்துவிட்டு ஒரு பையனையாவது கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். கடலூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்தால் முற்பகலுக்குள் போய்விடலாம்.