ஜலதாரை நாற்றமும் ஒரு குவளை ஜலமும்

அருப்புக்கோட்டையை அடுத்த பாளையம்பட்டியில் ஜலத்தின் அருமையை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையை நம்பியிருக்கும் வானம்பார்த்த பூமி அது. ஒரு குடம் ஜலத்தை மூன்று காரியங்களுக்கு உபயோகிக்கப் பழகிய ஜனங்கள் அந்தச் சீமையார். இவ்வளவு சிக்கனமாகப் புழங்கும் இடத்தில் கழிவு நீரும் குறைவு, ஆகவே நாற்றமும் குறைவாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பே. உண்மை இதற்கு நேர்மாறானது. ஜலம் குறையக் குறைய வீட்டு ஜலதாரையின் நாற்றம் மிகும்.

காரணம் எளிது. நம் முன்னோர் வீடுகளில் முற்றத்து ஜலதாரை கொல்லைப்புறம் சென்று வாழையடியில் திறந்து விடும். வெயிலும் காற்றும் பட்டு அங்கே நாற்றம் ஆறிப்போகும். இப்பொழுது குளியலறையும் கழிப்பிடமும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. இது பெரிய சௌகரியந்தான். பெண்களுக்கும் முதியோருக்கும் இது எத்தகைய உபகாரம் என்பதை விவரிக்கவும் வேண்டுமோ? ஆனால் குழாய்கள் மூடிய தொட்டியிலோ சாக்கடையிலோ போய் முடிகின்றன. ஜலம் கீழே இறங்கும் வழியே விஷவாயு மேலே ஏறும் வழியுமாகும். அதைத் தடுப்பது, பிளம்பர்கள் 'நானி டிராப்' என்று கூறும் வளைவுதான். 1775-ம் வருஷத்தில் லண்டனில் கடிகாரம் செய்பவரான அலெக்ஸாண்டர் கம்மிங் என்பவர், வளைந்த குழாயில் எப்பொழுதும் சிறிது ஜலம் தங்கி நிற்கும்படி அமைத்த கழிப்பிடத்துக்குப் பேட்டண்ட் பெற்றார். அன்று முதல் இன்று வரை தத்துவம் ஒன்றே. ஏறத்தாழ இரண்டு அங்குல ஆழமுள்ள அந்த ஜலமே வீட்டுக்கும் சாக்கடைக்கும் இடையேயுள்ள கதவு.

சித்திரை வெயிலில் இந்தக் கதவு தானாகவே திறந்து கொள்ளுகிறது. விருந்தினருக்கென்று ஒதுக்கிய குளியலறை, மாடி அறையின் ஜலதாரை, பூட்டிக்கிடக்கும் வீடு இவற்றில் நின்ற ஜலம் சில வாரங்களில் ஆவியாகிவிடும். ஊருக்குச் சென்று திரும்பியவர் கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்துவது இதனாலேயே. வாரம் ஒரு முறை ஒரு குவளை ஜலம் ஊற்றினால் போதும். வெளியூர் போகுமுன் அந்த ஜலத்தின்மீது ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுப் போனால், எண்ணெய்ப் படலம் ஆவியாதலைக் குறைக்கும்.

ஜலம் ஊற்றிய பிறகும் நாற்றம் நீங்காவிடில், வீடு கட்டியபோதே வளைவு வைக்காமல் விட்டிருக்கலாம். சொற்பக் காசை மிச்சப்படுத்தச் செய்யும் வேலை இது! ஒரு வாளி ஜலத்தைக் கொட்டும்போது பக்கத்து ஜலதாரையில் களகளவென்று ஓசை கேட்டால், குழாயில் காற்றுப் போக வழியில்லை என்று அறியலாம். வேகமாய் இறங்கும் ஜலம் வளைவில் நின்றதையும் இழுத்துக்கொண்டு போகிறது. காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி, கொசு புகாதபடி வாயில் வலை கட்டுவது அவசியம்.

பினாயில், ஊதுவத்தி, அந்துருண்டை முதலியவை நாற்றத்தின்மீது மற்றொரு மணத்தைப் போர்த்துவனவேயன்றி வேறில்லை. 1858-ல் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் தாங்காமல் பிரிட்டிஷ் பார்லிமெண்டின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். பயனில்லை. பிறகுதான் பாதாளச் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கினார்கள்.

சோற்றுக்கஞ்சியும், நெசவு நடக்கும் வீடுகளில் பாவுக்கு இட்டு மிஞ்சிய கஞ்சியும் ஜலதாரையில் விழுந்தால் புளித்து நாறும். எண்ணெயும் மயிரும் சோப்பும் சேர்ந்து குழாயின் உட்புறம் வழுவழுப்பாய்ப் படிகின்றன. சல்லடையைக் கழற்றித் துலக்கி, சலவைச் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றுவது நலம். கொதிக்கும் ஜலம் பி.வி.ஸி. குழாயை இளக்கிவிடும். ஆஸிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருங்கே ஊற்றுதல் ஒருபோதும் ஆகாது. அவை கலந்தால் நுரையீரலைச் சுடும் குளோரின் வாயு எழும்.

உறிஞ்சுகுழி வெட்டுவோர் கரிசல் மண்ணின் குணத்தை மறக்கலாகாது. கோடையில் வெடிக்கும் அம்மண், நனைந்ததும் ஊதி இறுகி ஜலத்தை இறங்கவிடாது. குழி நிரம்பினால் ஜலம் திரும்பி வரும். அத்தகைய இடத்தில் குளித்த ஜலத்தை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் பரவலாகப் பாய்ச்சுவதே மேல்.

கழிப்பிடத் தொட்டியின் விஷயம் வேறு. காற்றில்லா இடத்தில் வாழும் கிருமிகள் கழிவிலுள்ள கந்தகத்தை ஹைட்ரஜன் ஸல்பைடு வாயுவாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றமுடைய அவ்வாயு, காற்றில் பத்து லக்ஷத்தில் ஒரு பங்குக்குக் குறைவாயிருந்தாலும் மூக்கு அறிந்துவிடும். ஆனால் நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது! ஆயிரத்தை நெருங்கினால் சில மூச்சுகளில் உயிர் போகும். தொட்டியில் இறங்கியவர் மயங்கக் கண்டு, தூக்கப் போனவரும் மாள்வது இப்படித்தான். பாதுகாப்புக் கவசமின்றி ஒருவரைத் தொட்டியில் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. அது முனிஸிபாலிடியை மட்டுமல்ல, வீட்டுக்காரரையும் கட்டும். முதற் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறையோ, இரண்டு லக்ஷம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அவ்வாறு மாண்டவர் குடும்பத்துக்கு 2014-ல் ரூ. 10 லக்ஷம் கொடுக்கக் கட்டளையிட்ட ஸுப்ரீம் கோர்ட், 2023-ல் அதை ரூ. 30 லக்ஷமாக உயர்த்திற்று. இவ்வளவுக்குப் பிறகும் மரணச் செய்திகள் வந்துகொண்டேயிருக்கின்றன.

குளியலறை நாறுகிறது என்பதற்காகவே தொட்டியைத் திறக்க ஆள் தேடும் வீடுகள் உண்டு. திறக்குமுன் அறையின் மூலையில் ஒரு குவளை ஜலம் ஊற்றி அரை மணி நேரம் பொறுத்துப் பார்க்கட்டும். தொட்டி மெய்யாகவே நிரம்பியிருந்தால் உறிஞ்சும் லாரியின் குழாய் மட்டுமே உள்ளே இறங்க வேண்டும். உள்ளிருந்து எழும் மீதேன் வாயு தீப்பற்றக் கூடியதாகையால், மூடி திறந்திருக்கும் வரையில் பீடி, தீக்குச்சி எதையும் அருகே கொளுத்தலாகாது, குழந்தைகளையும் அண்டவிடலாகாது.