ஊரே வெறுத்தவருக்கும் ஒரு வழக்கறிஞர்

‘இவர்தான் குற்றவாளி’ என்று ஊரே முடிவுகட்டிய ஒருவருக்காக வாதாட யார் முன்வருவார்? சிங்கப்பூரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு முன்வந்தவர் குற்றவியல் வழக்கறிஞர் சுபாஷ் ஆனந்தன்.

1947ல் கேரளத்தில் பிறந்த அவர், சிறு வயதில் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்தார். தந்தை பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் பணியாற்றியதால் செம்பவாங் வட்டாரத்தில் வளர்ந்தார். ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் பயின்று, அன்றைய சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1970ல் சட்டப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே வழக்கறிஞரானார்.

தொழிலில் காலூன்றத் தொடங்கிய வேளையில் பெரும் சோதனை வந்தது. ரகசியக் கும்பலுடன் தொடர்புடையவர் என்ற குற்றச்சாட்டின்பேரில் 1976ல் அவரே விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்டார். பல மாதங்களுக்குப் பிறகு, நவம்பரில் விடுதலையாகித் தொழிலுக்குத் திரும்பினார். சந்தேகத்துக்கு உள்ளானவரின் நிலையைத் தானே அனுபவித்து அறிந்த வழக்கறிஞர் அவர்.

2004ல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கு சிங்கப்பூரை உலுக்கியது. பாசிர் பாஞ்சாங் மொத்த விற்பனை நிலையத்தில் வேலை செய்த மலேசிய இளைஞர்மீது கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. பொதுமக்களின் கோபத்தைப் பொருட்படுத்தாமல் அவருக்காக வாதாடினார் சுபாஷ். மரண தண்டனையை எதிர்த்துச் செய்த மேல்முறையீடு 2006ல் தள்ளுபடியானது. ஆனால், மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். கொலைக் குற்றம் நியாயமான சந்தேகத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவரது தீர்ப்பு. அந்த இளைஞர் அதே ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.

தற்காப்பு வழக்கறிஞரின் பணி எதற்கு என்பதை இவ்வழக்கு காட்டுகிறது. குற்றத்தை நியாயப்படுத்துவது அவர் வேலையன்று. அரசாங்கத் தரப்பின் சான்றுகளைச் சோதித்து, எழக்கூடிய சந்தேகங்களை நீதிபதிகள்முன் வைப்பதே அவர் வேலை. அதை யாரும் செய்யாவிட்டால், நிரபராதி ஒருவர் கூண்டில் நிற்கும் நாளிலும் கேள்வி கேட்க ஆள் இருக்காது.

கட்டணம் செலுத்த வழியில்லாத பலருக்காகச் சுபாஷ் இலவசமாக வாதாடினார். சிங்கப்பூர்க் குற்றவியல் வழக்கறிஞர்கள் சங்கத்தின் முதல் தலைவராகவும் விளங்கினார். தண்டனை முடிந்து வெளிவருவோர் மேற்படிப்பையும் திறன் பயிற்சியையும் தொடர, மஞ்சள் நாடா நிதியின்கீழ் அவர் பெயரில் கல்வி உதவிநிதி ஒன்று அமைக்கப்பட்டது. நீதிமன்றத்தில் தொடங்கிய அக்கறை சிறைவாசலுக்கு அப்பாலும் நீண்டது. 2015 ஜனவரி 7ஆம் தேதி, 67 வயதில் அவர் காலமானார்.

அவர் மறைந்த பிறகு, வசதி குறைந்தோருக்கான சட்ட உதவி மேலும் விரிவடைந்துள்ளது. 2022ல் அரசாங்கமே பொதுத் தற்காப்பு வழக்கறிஞர் அலுவலகத்தைத் தொடங்கியது. சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளி, குற்றவியல், குடும்பச் சட்டங்களுக்கு முக்கியத்துவம் அளிக்கிறது.

சட்டம் படிக்கும் எண்ணம் உள்ள இளையர்கள் மதிப்பெண்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. நீதிமன்ற விசாரணைகள் பெரும்பாலும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. அடுத்த பள்ளி விடுமுறையில் ஒருநாள் அரசு நீதிமன்றத்திற்குச் சென்று பின்வரிசையில் அமர்ந்து கவனியுங்கள். கூண்டில் நிற்பவருக்காக எழுந்து பேச உங்களால் முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.