சுருங்காத சட்டையில் என்ன இருக்கு?

தீபாவளிக்கு ஜொகூர் பாரு லிட்டில் இந்தியாவில் வாங்கின சட்டை. ஓரத்தில் மஞ்சள் வைத்து அப்படியே போட்டுக்கொள்வதுதான் நம் வழக்கம். ஆனா லேபிளில் 'அயர்ன் தேவையில்லை' என்றிருந்தால், முதல்ல துவைச்சிடுங்க.

காட்டன் துணி சுருங்காமல் இருக்க, ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் பிசின் பூசுவதுண்டு. நம்ம ஊர் வெயிலில் வியர்க்கும்போது அது தோலில் பட்டு அரிப்பு, தடிப்பு வரலாம். புற்றுநோய் ஆபத்து, அதை நாள்முழுக்க மூச்சில் இழுக்கும் ஆலைத் தொழிலாளர்களுக்கே அதிகம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு, கிலோ துணிக்கு 75 மில்லிகிராம்.

நல்லவேளை, இது தண்ணீரில் கரையும். ஒரு தடவை துவைத்தாலே கணிசமாகக் குறையும். அப்புறம் மஞ்சள் வையுங்க, பாட்டி கோவிச்சுக்க மாட்டாங்க!

பண்டல் கடைச் சட்டையா? பலமுறை துவைத்ததில் ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் குறைந்திருக்கும். விலையும் குறைவு, குப்பைக்குப் போகும் துணியும் குறையும். ஆனா அதையும் துவைக்காம போடாதீங்க: தூசு, பூஞ்சை இருக்கலாம்.